தாண்டிக்குடியில் காபி வறுவல் யூனிட், 18 லட்சம் திட்டம்: அரசு மானியம் எங்கே, எந்த வரிசையில் கேட்பது?

மலைச்சாரல்
காபி வறுத்து, அரைத்து, பாக்கெட் போடும் யூனிட். இடம் கொடைக்கானல் தாலுகா தாண்டிக்குடி, வாடகை ஷெட். போட்டு வைத்திருக்கும் கணக்கு இது: 5 கிலோ ரோஸ்டர், கல் நீக்கும் மெஷின், கிரைண்டர், பேக்கிங் மெஷின் எல்லாம் ஜிஎஸ்டியோடு 10.50 லட்சம். மும்முனை இணைப்பும் வயரிங்கும் 1 லட்சம். தரை, டைல்ஸ், புகைபோக்கி 2 லட்சம். நடைமுறை மூலதனம் (கொட்டை வாங்க, அன்றாடம் ஓட்ட) 4.50 லட்சம். ஆக 18 லட்சம். கையில் 2 லட்சம் இருக்கிறது. ஸ்டார்ட்அப்களுக்கு அரசு திருப்பித் தர வேண்டாத பணம் தருகிறதாமே, அதை எங்கே கேட்பது? ரோஸ்டருக்கு இந்த வாரம் அட்வான்ஸ் கொடுத்தால் விலையைக் குறைப்பதாக டீலர் சொல்கிறார்.

கணக்குநோட்டு
முதலில் அட்வான்ஸை நிறுத்துங்கள். கடன் அனுமதிக்கு முன்னால் வாங்கிய மெஷின் பில்லை எந்த வங்கியும் திட்டச் செலவில் சேர்க்காது. கொட்டேஷன் மட்டும் வாங்குங்கள். பணத்தை வங்கியே டீலர் கணக்குக்கு அனுப்பும்.

இரண்டாவது, பெயர்க் குழப்பம். 'ஸ்டார்ட்அப் நிதி' என்பது புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்து, அதைப் பெரிதாக வளர்க்கக்கூடிய கம்பெனிகளுக்கானது. காபி வறுவல் நல்ல தொழில், ஆனால் அந்தக் கூடையில் விழாது. உங்களுக்குப் பொருந்துவது கடனோடு இணைந்த மானியம். கடன் முதலில், மானியம் பின்னால். அந்த மானியமும் உங்கள் கைக்கு வராது, கடனில் கழியும்.

18 லட்சத்துக்குப் பொருந்தும் மூன்றைச் சொல்கிறேன்.

பிஎம்இஜிபி (பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம்): உற்பத்திக்கு 50 லட்சம் வரை, சேவைக்கு 20 லட்சம் வரை. பொதுப் பிரிவுக்கு நகரத்தில் 15%, கிராமத்தில் 25%. பெண்கள், பட்டியலினத்தார், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், முன்னாள் படைவீரர், மாற்றுத்திறனாளி, மலைப்பகுதி என்றால் நகரத்தில் 25%, கிராமத்தில் 35%. சொந்தப் பணம் பொதுப் பிரிவுக்கு 10%, மற்றவர்களுக்கு 5%. வயது 18 தாண்டினால் போதும், மேல் வரம்பும் வருமான வரம்பும் கிடையாது. உற்பத்தியில் 10 லட்சத்துக்கு மேல் போனால் 8ஆம் வகுப்பு தேறியிருக்க வேண்டும்.

நீட்ஸ் (தமிழக அரசு): 10 லட்சத்திலிருந்து 5 கோடி வரை. 25% மானியம், உச்சம் 75 லட்சம், அதோடு 3% வட்டிச் சலுகை. முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு மட்டும். படிப்பு, வயது வரம்பு உண்டு.

பிஎம்எஃப்எம்இ (குறு உணவுப் பதப்படுத்தும் தொழில்): 35%, உச்சம் 10 லட்சம். சொந்தப் பணம் 10%.

உங்கள் திட்டத்தை பிஎம்இஜிபியில் மலைப்பகுதி, கிராமம் என்று 35%க்குப் போட்டால்: சொந்தப் பணம் 90,000. வங்கி தருவது 17.10 லட்சம். மானியம் 6.30 லட்சம். அது உங்கள் பெயரில் 3 வருட டெபாசிட்டாக வங்கியிலேயே கிடக்கும். அதற்கு வட்டி வராது, கடனில் அந்த அளவுக்கு உங்களிடமும் வட்டி வாங்கமாட்டார்கள். நீங்கள் வட்டி கட்டுவது 10.80 லட்சத்துக்கு. ஆனால் மானியப் பணம் வங்கிக்கு வந்து சேரும் நாள்வரை முழுத் தொகைக்கும் வட்டி ஓடும். முதல் சில மாதத் தவணையைப் பார்த்து பலர் மிரள்வது இதனால்தான்.

மலைச்சாரல்
ரொம்ப நன்றி சார். ஒரு விஷயம் சொல்ல விட்டுவிட்டேன். சின்ன அளவில் வீட்டிலேயே வறுத்து விற்பதற்காகப் போன வருடமே உத்யம் பதிவும் (குறு, சிறு தொழில் பதிவு) உணவுப் பாதுகாப்புப் பதிவும் எடுத்தாயிற்று. அது உதவும்தானே?

பழையகிளை
உதவாது, இடிக்கும். பிஎம்இஜிபி புதிய யூனிட்டுக்கு மட்டும். உத்யம் சான்றில் தொழில் தொடங்கிய தேதி போன வருடம் என்று இருந்தால் வங்கி அதிகாரி முதல் பார்வையிலேயே 'ஏற்கெனவே நடக்கும் தொழில்' என்று எழுதிவிடுவார். நீட்ஸிலும் அதே கதி. உத்யமை ரத்து செய்துவிட்டு புதிதாகப் போடலாம் என்று கம்ப்யூட்டர் சென்டரில் யாராவது சொல்வார்கள். வேண்டாம். பான் எண்ணில் எல்லாம் தெரியும்.

உங்கள் வழி பிஎம்எஃப்எம்இ. நடந்துகொண்டிருக்கும் குறுந்தொழிலை முறைப்படுத்தி விரிவாக்கத்தான் 2020இல் அதைக் கொண்டுவந்தார்கள். இருக்கிற பதிவெல்லாம் அங்கே பலம்.

கணக்குநோட்டு
அப்படியானால் கணக்கை மாற்றிப் போட வேண்டும். பிஎம்எஃப்எம்இயில் நடைமுறை மூலதனத்துக்கு மானியம் இல்லை. மெஷினும் அதற்குத் தேவையான கட்டட வேலையும்தான் தகுதிச் செலவு; கட்டட வேலை அதில் 30% தாண்டக் கூடாது. நிலத்தின் விலை, ஷெட் வாடகை இரண்டும் வராது. 10.50 + 1 + 2 = 13.50 லட்சம். 35% என்றால் 4,72,500. உங்கள் பங்கு 18 லட்சத்தில் 10%, 1.80 லட்சம். கையிலிருக்கும் 2 லட்சத்தில் மிச்சம் 20,000. அது குத்தகைப் பத்திரத்துக்கும் ஓட்டத்துக்கும் போய்விடும், இப்போதே ஒதுக்கி வையுங்கள்.

பிஎம்இஜிபியில் நடைமுறை மூலதனத்தையும் திட்டச் செலவில் சேர்க்கலாம், 3 வருட ஷெட் வாடகையைக்கூட. அதனால்தான் அங்கே 6.30, இங்கே 4.72. அங்கேயும் ஒரு கொக்கி உண்டு: 3 வருடத்துக்குள், நடைமுறை மூலதனத்துக்கு வங்கி தரும் கேஷ் கிரெடிட் வரம்பை ஒரு முறையாவது முழுதாக எடுத்திருக்க வேண்டும், பயன்பாடு 75%க்குக் குறையவும் கூடாது. எடுக்காமல் விட்டால் அந்த அளவுக்கு மானியம் திரும்பப் போகும்.

கேத்திபள்ளம்
குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். கேத்தியில் கேரட், பீட்ரூட் உலர்த்தி விற்கும் யூனிட், புதிது, எந்தப் பதிவும் இல்லை. எங்களுக்கு 35% வருமா? சுற்றிலும் தோட்டம்தான், கிராமம் என்று போடலாமா?

பழையகிளை
நீலகிரிக்காரர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. பார்த்தால் கிராமம், ஏட்டில் பேரூராட்சி. மாவட்டத்தில் கேத்தி, ஜெகதளா, அதிகரட்டி, உலிக்கல், சோலூர், நடுவட்டம், ஓவேலி என்று பேரூராட்சிகள் வரிசையாக இருக்கின்றன. 2022இல் திருத்திய பிஎம்இஜிபி விதிப்படி பஞ்சாயத்து ராஜ் அமைப்பின் கீழ் வருவது கிராமம், நகராட்சி அமைப்பின் கீழ் வருவது நகரம். தமிழ்நாட்டில் பேரூராட்சி நகர்ப்புற உள்ளாட்சிக் கணக்கு. ஆகவே 25% என்று வைத்தே திட்டம் போடுங்கள். 18 லட்சத்தில் இந்த 10% வித்தியாசம் 1.80 லட்சம். யூனிட் வரப்போகும் சர்வே எண் எந்த உள்ளாட்சியில் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் வாங்கி, விண்ணப்பத்துக்கு முன்பே மாவட்டத் தொழில் மையத்தில் காட்டிவிடுங்கள். ரோட்டுக்கு இந்தப் பக்கம் பேரூராட்சி, அந்தப் பக்கம் ஊராட்சி என்று இருக்கும் இடங்களும் உண்டு. ஷெட் பார்ப்பதற்கு முன்னால் இதைப் பார்ப்பது லாபம்.

தாண்டிக்குடி ஊராட்சி, பண்ணைக்காடு பேரூராட்சி. கீழ்ப்பழனி மலையிலும் அதே கதைதான்.

கணக்குநோட்டு
கேத்திக்காரருக்கு இன்னொன்று: தோட்டப்பயிர் சாகுபடிக்கு பிஎம்இஜிபி கிடையாது. தேயிலை, காபி பயிரிடுவதும் அப்படியே. ஆனால் விளைந்ததை மதிப்புக் கூட்டுவதற்கு உண்டு. ஆகவே திட்ட அறிக்கையில் 'கேரட் பயிரிட்டு உலர்த்துதல்' என்று எழுதாதீர்கள். 'உலர் காய்கறி தயாரித்தல்' என்று மட்டும். ஒரு சொல்லில் விண்ணப்பம் திரும்பும்.

சோலைக்குருவி
நான் கோத்தகிரி பக்கம். தேயிலைத் தொழிற்சாலையில் இலை வாட்டும் டிரஃபில் (இலையைப் பரப்பிக் காற்றடிக்கும் நீளத் தொட்டி) ஈரப்பதம் அளந்து மின்விசிறியைத் தானாகக் கட்டுப்படுத்தும் கருவி. மாதிரி ஒன்று தயார், இரண்டு பேர் சேர்ந்து செய்கிறோம். கடன் வேண்டாம். மேலே சொன்ன 'ஸ்டார்ட்அப் கூடை' எங்களுக்குச் சரிவருமா? இப்போது தனிநபர் நிறுவனமாக இருக்கிறது.

குன்னூர்குறிப்பு
சரிவரும், ஆனால் தனிநபர் நிறுவனமாக இருக்கும்வரை கதவு திறக்காது. மத்திய அரசின் டிபிஐஐடி (தொழில் மேம்பாட்டுத் துறை) ஸ்டார்ட்அப் அங்கீகாரம் பிரைவேட் லிமிடெட், எல்எல்பி (வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மை), பதிவு செய்த கூட்டாண்மை போன்றவற்றுக்குத்தான். அங்கீகாரத்துக்குக் கட்டணம் இல்லை. கருவியில் புதுமை என்ன என்று விளக்கும் பகுதியில் 'சிறந்த தரம், குறைந்த விலை' என்று எழுதினால் திரும்பி வரும். இப்போது டிரஃபில் எப்படிப் பார்க்கிறார்கள் (கையில் பிடித்து அமுக்கி), அதனால் என்ன தவறுகிறது, உங்கள் கருவி எதை எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கிறது, இவ்வளவு எழுதுங்கள்.

பிறகு இரண்டு வாசல்.

ஒன்று, தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் நடத்தும் டான்சீட். 10 லட்சம், பெண்கள் தலைமை, பசுமைத் தொழில்நுட்பம், கிராமப்புற வாழ்வாதாரம் சார்ந்தவை என்றால் 15 லட்சம். பெயரில் மானியம் என்றாலும் 3% பங்கு ஸ்டார்ட்அப் டிஎன்னுக்குப் போகும். ஆகவே பங்கு வெளியிடக்கூடிய பிரைவேட் லிமிடெட்டாகவே பதிவு செய்துவிடுங்கள், எல்எல்பி போட்டுப் பிறகு மாற்றுவது இரட்டைச் செலவு. வருடம் முழுக்கத் திறந்திருக்காது, சுற்றுச் சுற்றாக அழைப்பார்கள்.

இரண்டு, 2021இல் வந்த ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதி. பணம் நேராக டில்லியிலிருந்து வராது, தேர்வான இன்குபேட்டர் (புதுத் தொழில்களை வளர்த்துவிடும் காப்பகம்) வழியாக வரும். மாதிரி, சோதனை நிலைக்கு 20 லட்சம் வரை மானியம். சந்தைக்குப் போகும் நிலைக்கு 50 லட்சம் வரை, அது கடனாகவோ, பிறகு பங்காக மாற்றத்தக்க பத்திரமாகவோ. கம்பெனி பதிவாகி 2 வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மூன்று இன்குபேட்டர் வரை தேர்வு செய்யலாம். பணம் தவணையாக, வேலை முடிக்க முடிக்க. கட்டடம் கட்ட, அலுவலகம் அமைக்க அந்தப் பணத்தைத் தொடக் கூடாது. எந்த இன்குபேட்டரில் இப்போது விண்ணப்பம் திறந்திருக்கிறது என்று தளத்தில் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

இரண்டும் வேண்டுமென்றால் வரிசை முக்கியம். வேறு மத்திய, மாநிலத் திட்டங்களில் 10 லட்சத்துக்கு மேல் பணம் வாங்கிய கம்பெனிக்கு விதை நிதி கிடையாது. பரிசுத் தொகை இந்தக் கணக்கில் சேராது. ஆனால் 15 லட்ச டான்சீட்டை முதலில் வாங்கிவிட்டால் 20 லட்ச வாசல் சாத்திக்கொள்ளும்.

சோலைக்குருவி
இதை யாருமே சொல்லவில்லை அண்ணா. கோவையில் எங்கே போய்ப் பேசலாம்?

குன்னூர்குறிப்பு
மின்னணு, கருவி என்றால் பி.எஸ்.ஜி ஸ்டெப். வேளாண் பக்கம் சாய்த்துச் சொல்ல முடிந்தால் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் தொழில் வளர் காப்பகம். வேளாண் ஸ்டார்ட்அப்களுக்கான ரஃப்தார் திட்டத்தில் யோசனை நிலைக்கு 5 லட்சம், விதை நிலைக்கு 25 லட்சம் வரை என்று இரண்டு படி உண்டு. அந்தப் பணமும் மேலே சொன்ன 10 லட்சக் கணக்கில் சேரும், மறக்காதீர்கள். ஒரு தொழிற்சாலையிலாவது ஒரு டிரஃபில் இரண்டு வாரம் ஓட்டி, மணிவாரி ஈர அளவையும் மின்சார யூனிட்டையும் தாளில் எடுத்துப் போங்கள். படம் போட்ட 30 பக்க பிரசன்டேஷனைவிட அந்த ஒரு தாள் பேசும். மழைக்கால இலையில் எடுத்த அளவு தனியாக, ஜனவரி பனிக்கால இலையில் எடுத்தது தனியாக இருந்தால் இன்னும் நல்லது.

கூடலூர்ஏலம்
நிலம் பற்றி யாரும் பேசவில்லையே. கூடலூர், பந்தலூரில் ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் (1969) 17ஆம் பிரிவு நிலத்தில் (உரிமை இன்னும் முடிவாகாத நிலம்) ஷெட் வைத்திருப்பவர்கள் விண்ணப்பித்தால் என்ன ஆகும்?

பழையகிளை
கடனே நகராது. பட்டா இல்லை, அதனால் அடமானம் இல்லை, புது மின் இணைப்பும் சிக்கல். 'அடமானம் கேட்கக் கூடாது, குறிப்பிட்ட தொகை வரை பிணையில்லாமல் தர வேண்டும், அதற்கு மேல் சிஜிடிஎம்எஸ்இ (சிறுதொழில் கடனுக்கான உத்தரவாத நிதி) உத்தரவாதம் இருக்கிறது' என்று வாதாடலாம், அது சரியும்கூட. ஆனால் பிணை வேறு, யூனிட் நடக்கும் இடத்தின் உரிமைச் சான்று வேறு. இடத்துக்குத் தாளே இல்லையென்றால் பிணையில்லாக் கடனும் வராது. பட்டா உள்ள கட்டடத்தில் வாடகைக்குப் போவதுதான் வழி. நிபந்தனைப் பட்டா நிலமும் அப்படியே, நிபந்தனையைப் படித்துவிட்டுக் கை வையுங்கள்.

வாடகை ஷெட் என்றால் 11 மாத ஒப்பந்தம் போதாது. கடன் 5 வருடம் என்றால் குத்தகையும் 5 வருடம், பதிவு செய்தது. உரிமையாளர் பெயரில் பட்டா, வில்லங்கச் சான்று, வரி ரசீது மூன்றும் ஒரே பெயரில் இருக்கிறதா பாருங்கள். மலையில் பாதி இடங்களில் பட்டா தாத்தா பெயரில், வரி ரசீது சித்தப்பா பெயரில் இருக்கும்.

புதிதாகக் கட்டுவதாக இருந்தால் மலைப்பகுதிக் கட்டட அனுமதி தனி வேலை. மண் வெட்டிச் சமப்படுத்த பொக்லைன் இறக்கவே அனுமதி வேண்டும். மானியக் காலக்கெடுவுக்குள் அது முடியும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள்.

கணக்குநோட்டு
மலைச்சாரலுக்கு: திட்ட அறிக்கையைக் கம்ப்யூட்டர் சென்டரில் கொடுத்து 'காபி யூனிட்' என்று அச்சடித்து வாங்காதீர்கள். வங்கி கேட்கும் கேள்வி அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. உங்கள் மெஷினையே எடுத்துக்கொள்ளுங்கள்.

5 கிலோ ரோஸ்டர், மணிக்கு 3 முறை என்றால் 15 கிலோ. நாளுக்கு 6 மணி நேரம் 90 கிலோ, மாதம் 25 நாள் 2,250 கிலோ பச்சைக் கொட்டை. கிலோ 400 என்று உதாரணத்துக்கு வைத்தால் 9 லட்சம். நீங்கள் போட்ட நடைமுறை மூலதனம் 4.50 லட்சம். பாதித் திறனில் ஓட்டினாலே ஒரு மாதக் கொட்டைக்கு முழுதும் தீர்ந்துவிடும். பாக்கெட், சம்பளம், கடைக்காரர் 30 நாள் இழுக்கும் பாக்கி எல்லாம் எங்கே? ஆகவே முதல் வருடம் 30% திறன் என்று காட்டுங்கள், இல்லையென்றால் மூலதனத்தை உயர்த்துங்கள். 100% என்று எழுதிய அறிக்கையை மேலாளர் படிக்கவே மாட்டார்.

அடுத்தது எடை இழப்பு. பார்ச்மென்ட் (உள்தோலோடு காய்ந்த கொட்டை) 100 கிலோ வாங்கித் தோல் நீக்கினால் 80 கிலோ போலப் பச்சைக் கொட்டை நிற்கும். வறுத்தால் அதில் 15 முதல் 20% ஆவியாகும். 18% என்று வைத்தால் 65.6 கிலோ. 400 ரூபாய்ப் பச்சைக் கொட்டை வறுத்த பிறகு 488 ரூபாய், கேஸும் கூலியும் சேராமல். இதை விட்டுவிட்டு லாபம் காட்டிய அறிக்கைகள் ஏராளம்.

சிக்கரி கலப்பதாக இருந்தால் காபி 51%க்குக் குறையக் கூடாது, விழுக்காட்டை லேபிளில் போட வேண்டும். அறிக்கையில் காபித் தூள், சிக்கரி கலந்த தூள் இரண்டுக்கும் தனித்தனி விலைக் கணக்கு இருக்கட்டும்.

கொட்டேஷனில் மெஷின் விலை மட்டும் போதாது. வத்தலக்குண்டு வரை லாரி, அங்கிருந்து மேலே ஏற்ற சின்ன வண்டி, இறக்குக் கூலி, பொருத்தும் செலவு எல்லாம் டீலர் பில்லிலேயே வரட்டும். பில்லில் இல்லாத செலவு தகுதிச் செலவில் வராது.

மலைச்சாரல்
டீலர் 'கொட்டேஷனை 13 லட்சமாகப் போட்டுத் தருகிறேன், உங்கள் பங்கு 10% அதிலேயே வந்துவிடும்' என்கிறார்.

பழையகிளை
வேறு டீலரைப் பாருங்கள். மெஷின் வந்ததும் வங்கி பார்க்கும், 3 வருட முடிவிலும் வந்து பார்ப்பார்கள், மெஷின் எண்ணைப் பில்லோடு ஒப்பிடுவார்கள். விலையேற்றம் தெரிந்தால் மானியம் திரும்பப் போகும், கடன் மட்டும் முழுதாக உங்கள் தலையில். ஏற்றிய தொகைக்கு ஜிஎஸ்டியும் நீங்களே கட்டுவீர்கள். இந்த யோசனை சொல்பவர் கையெழுத்துப் போடுவதில்லை பாருங்கள்.

கேத்திபள்ளம்
ஊட்டியில் ஒருவர் 40,000 கொடுத்தால் மானியம் வாங்கித் தருவதாகச் சொல்கிறார்.

குன்னூர்குறிப்பு
பிஎம்இஜிபி விண்ணப்பம் இலவசம், உத்யம் பதிவும் இலவசம். பிஎம்எஃப்எம்இயில் மாவட்ட வள நபர் என்று அரசே ஒருவரை வைத்திருக்கிறது. கடன் அனுமதியானால் அவருக்குரிய ஊதியத்தை அரசு தரும். திட்ட அறிக்கை, பதிவுகள், வங்கித் தொடர்பு எல்லாம் அவர் வேலை. மாவட்டத் தொழில் மையத்தில் அவர் எண்ணைக் கேளுங்கள். கொடைக்கானல் தாலுகாவுக்கு அது திண்டுக்கல்லில், நீலகிரிக்கு ஊட்டியில்.

உங்களில் யாராவது பட்டியலினம், பழங்குடி என்றால் மேலே சொன்ன எதையும் பார்க்கும் முன் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தைப் பாருங்கள். 35%, உச்சம் 1.5 கோடி, 6% வட்டிச் சலுகை, படிப்புத் தகுதி கிடையாது, வயது 55 வரை.

பழையகிளை
வங்கிக் கிளை பற்றி ஒரு வார்த்தை. விண்ணப்பத்தில் கிளையைத் தேர்வு செய்யும் முன் நேரில் போய் மேலாளரைப் பாருங்கள். மலையில் கிளைகள் குறைவு, யூனிட் இருக்கும் ஊர் தங்கள் எல்லையில் இல்லை என்று திருப்பி அனுப்புவது சாதாரணம். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 'சாத்தியமில்லை' என்ற ஒற்றைச் சொல்லோடு வந்தால் தொழில் மையத்தில் மேல்முறையீடு செய்யலாம். சிபில் மதிப்பெண்ணை முன்கூட்டியே எடுத்துப் பார்த்துவிடுங்கள். வேறு யாருக்கோ ஜாமீன் போட்ட டிராக்டர் கடன் அங்கே உட்கார்ந்திருக்கும்.

பிஎம்இஜிபி, பிஎம்எஃப்எம்இ இரண்டும் 2025-26 நிதியாண்டு வரை என்று ஒப்புதல் பெற்றவை. பிறகு இதைப் படிப்பவர்கள் தளம் விண்ணப்பம் ஏற்கிறதா என்று பார்த்துவிட்டு மற்ற வேலையைத் தொடங்கவும்.

மலைச்சாரல்
ஷெட் உரிமையாளரிடம் பேசினேன். 5 வருடப் பதிவுக் குத்தகைக்குச் சம்மதம். பட்டா அவர் பெயரில், வரி ரசீது அவர் அப்பா பெயரில். வரி ரசீதை மாற்ற எவ்வளவு நாள் ஆகும்?

பழையகிளை
வாரிசுச் சான்றும் பட்டா நகலும் இருந்தால் ஊராட்சி அலுவலகத்தில் மனு கொடுங்கள். மனு கொடுத்த ரசீதை வைத்தே திண்டுக்கல்லில் விண்ணப்பத்தைத் தொடங்கலாம். பெயர் மாறிய ரசீது கடன் பத்திரத்தில் கையெழுத்து போடும் நாளுக்குள் வந்தால் போதும்.